பிழைத்தவர்களின் கடன்



கார்த்திகைக் காற்று வாவியில் எழும்பினால், நம் பெரியவர்கள் 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். எழுவான்கரையும் படுவான்கரையும் ஒருசேர அலறிய இரவு அது. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நாட்டில் 900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர்.

பேச்சின் முடிவில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: "ஆண்டவர் எங்களைக் காப்பாற்றினார்." நன்றியுள்ள வாக்கியந்தான். ஆயினும் சற்றுச் சிந்திப்போம். அடுத்த வளவில் மாண்ட குழந்தையை அவர் கைவிட்டாரா? அக்குடும்பம் நம்மிலும் அதிகப் பாவம் செய்ததா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைக் குறித்து இயேசுவே இக்கேள்வியை எழுப்பி, "இல்லை" என்றார். கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பச் சொன்னார்.

காற்று எவருடைய புண்ணியக் கணக்கையும் பார்க்கவில்லை. மண்சுவரும் கிடுகுக் கூரையும் எளிதில் விழுந்தன. கல்வீடுகள் பல, ஓடுகளை இழந்தும் சுவரோடு நின்றன. அன்று பலருடைய உயிரைக் காத்தது சுவரின் பலம். அச்சுவரைக் கட்ட வசதியற்றவன் நம் அயலான்.

அப்படியாயின் நன்றி கூறலாகாதா? தாராளமாகக் கூறுங்கள். ஆனால் வாயோடு நின்றுவிடும் நன்றி, நாளடைவில் பெருமையாகிவிடும். பிழைத்தவன் கடன்பட்டவன்.

அடுத்த மாரிக்கு முன் உங்கள் ஒழுங்கையைச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கூரை உறுதியற்றது? நடக்க முடியாத எந்த மூதாட்டி தனித்திருக்கிறார்? இரவில் காற்று எழும்பினால் அவரைத் தூக்கிவருவது யார்? இன்றிரவே குடும்பமாக அமர்ந்து ஒருவரைக் குறித்துவையுங்கள்.