ஊர் பார்த்து ஊதியமா?

சுவர் இல்லை, வாயிற்காவலன் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் பணி செய்யலாம், எல்லோரும் ஒரே குடும்பம் என்று பறைசாற்றுகின்றன, அலுவலகமே இல்லாமல் நடக்கும் கணினித் தொழில் நிறுவனங்கள். கேட்பதற்கு இனிக்கும் பேச்சு! ஆனால், அங்கே உழைத்து, உள்ளம் கசந்து, விலகி வந்தோரைக் கேட்டால், இனிப்புக்குள் இருக்கும் கசப்பு விளங்கும்.

அமெரிக்காவில் பகல் என்பதால் இங்கே நள்ளிரவில் கூட்டம். முகம் காணாத மேலாளர். குறையைச் சொல்லி ஆற அருகே ஒரு தோழன் இல்லாத தனிமை. இவையெல்லாம் குறைகளே. எனினும் இவற்றினும் ஆழமான ஒன்று உண்டு. அது வசதியைப் பற்றிய குறை அன்று. நீதியைப் பற்றிய கேள்வி. ஒரே குழுவில், ஒரே திறத்துடன், ஒரே பணியைச் செய்யும் இருவருள் ஒருவர் சான்பிரான்சிஸ்கோவிலும் மற்றவர் சேலத்திலும் இருக்கிறார் என்பதற்காக, ஊதியத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு காட்டுவது அறமா?

இது கற்பனை அன்று. தொலைவிலிருந்து பணிபுரிவோர் செலவு குறைந்த ஊருக்குக் குடிபெயர்ந்தால், ஊதியமும் அதற்கேற்ப மாற்றப்படும் என்று 2020 மே திங்களில் ஃபேஸ்புக் நிறுவனம் அறிவித்தது. முற்றிலும் தொலைப்பணியிலேயே வளர்ந்த கிட்லேப் நிறுவனம், ஊருக்கு ஓர் எண் வகுத்து, அதனால் பெருக்கி ஊதியம் கணக்கிடும் முறையை ஊரறிய வெளியிட்டது. ஒளிவுமறைவு இல்லை, பாராட்டலாம். ஆனால், வெளிப்படையாகச் செய்வதாலேயே ஒன்று நியாயமாகிவிடுமா?

"செலவு குறைந்த ஊரில் வாழ்பவருக்குக் குறைந்த ஊதியம் போதுமே" என்கிறார்கள். இவ்வாதத்தைப் பகுத்தறிவுத் துலாக்கோலில் நிறுத்துப் பார்ப்போம். தேவைதான் அளவுகோல் என்றால், மணமாகாதவரைவிட, ஐந்து பிள்ளைகளை வளர்ப்பவருக்கு மிகுதியாகத் தரவேண்டும். தருகிறார்களா? இல்லை! அங்கே, "உன் தேவை உன் பாடு, வேலைக்குத்தான் கூலி" என்கிறார்கள். ஊர் என்று வரும்போது மட்டும், "வேலை இருக்கட்டும், உன் தேவை என்ன?" என்கிறார்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு கோல். குறைக்க வேண்டிய இடத்தில் மற்றொரு கோல்!

சேலத்தில் எழுதிய மென்பொருள் என்பதற்காக, வாங்குவோரிடம் பாதி விலைதான் பெறுகிறார்களா? அதுவும் இல்லை. உழைப்பின் பயன் உலக விலைக்குப் போகிறது; உழைத்தவன் மட்டும் உள்ளூர் விலைக்கு வாங்கப்படுகிறான்.

"அது சந்தையின் விதி" என்பது அடுத்த விடை. விதி! நமக்கு மிகப் பழக்கமான சொல். இந்தத் தெருவில் பிறந்தாய், உனக்கு இவ்வளவுதான் என்றவர்களும் விதியைத்தான் காட்டினார்கள். சாதியும் சந்தையும் ஒன்றல்ல என்பதை அறிவோம். பிறந்த சாதியை மாற்ற இயலாது, ஊரை மாற்றலாம். ஆனால், அந்த ஊருக்குச் செல்ல விசா வேண்டும். விசாவுக்குப் பிறந்த நாடு குறுக்கே நிற்கிறது. தலைவாசலில் விரட்டிய பிறப்பு, கொல்லைப்புறமாக நுழைகிறது!

வீட்டு வாடகை ஊருக்கு ஊர் வேறுபடுவது உண்மை. அதற்கு வழி இல்லையா? ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், 2017 இல் நடுவண் அரசு தன் ஊழியரின் அடிப்படை ஊதியத்தை ஊர் பார்த்து மாற்றவில்லை. வீட்டு வாடகைப்படியை நகரங்களின் வகைக்கேற்ப 24, 16, 8 விழுக்காடு என வகுத்தது. உழைப்பின் மதிப்பு ஒன்று. வாடகைக்கான ஈடு வேறு. ரெட்டிட் நிறுவனம் 2020 இல், அமெரிக்காவுக்குள்ளேனும் ஊர் பார்த்து ஊதியம் தருவதைக் கைவிட்டது. முடியாததன்று, மனம் வேண்டும்.

அந்த மனம் தானாக வராது, தோழர்களே! 1918 இல் சென்னையில் ஆலைத் தொழிலாளர் சங்கம் கண்டனர். ஒரே கூரையின்கீழ் உழைத்த அவர்கள் ஒருவரையொருவர் கண்ணால் கண்டனர். கூரையற்ற தொழிலாளியோ, தன் தோழன் பெறும் கூலியைக்கூட அறியான். சம்பளத்தைக் கேட்பது நாகரிகமன்று என்னும் வழக்கம் யாருக்கு நலம் செய்கிறது? எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கொருவர் ஊதியத்தைச் சொல்லுங்கள், ஒப்பிடுங்கள், ஒன்றுகூடிக் கேளுங்கள். ஊரைக் கேட்டு உழைப்பை அளப்பவர்களிடம், உழைப்பைக் கண்டு ஊதியம் கொடு என்று சொல்லும் துணிவு அங்கிருந்து பிறக்கட்டும்!