பொய்க்கும் மணி

“புலி வருகிறது” என்று பொய்க்கூச்சலிட்ட சிறுவனின் கதையை நாமெல்லோரும் பாலப் பருவத்தில் படித்திருக்கிறோம். பொய்யனை நம்பலாகாது என்பதே அதிற் கண்ட நீதி. ஆனால், அபாயம் அறிவிக்கும் யந்திரமே பொய் சொல்லுமாயின் நாம் செய்யத்தக்கது யாது?

நோயாளியைச் சுமந்து பறக்கும் ஹெலிகாப்டரை எண்ணிப் பாருங்கள். அதன் பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயில் ஒரு சிறு காந்தம் உண்டு. உலோகத் துகள் அதில் ஒட்டினால் விமானியின் முன் விளக்கு எரியும். உடைந்த பல்லின் துண்டும் அவ்விளக்கை ஏற்றும். தேய்மானத் தூளும் ஏற்றும். பழுதான கம்பியும் ஏற்றும். எதுவென்று ஆகாயத்தில் அறிதல் அரிது. இறங்கினால் நோயாளிக்குத் தாமதம். இறங்காவிடில் அனைவர்க்கும் ஆபத்து.

2018 அக்டோபர் 28 இரவு பாலித் தீவிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் விமானத்தில், காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை அளக்கும் கருவி பிழைபட்டு, விமானியின் கைப்பிடி அதிர்ந்து அதிர்ந்து எச்சரித்தது. எப்படியோ இறங்கினர். நடந்தது முழுவதும் பதிவேட்டில் ஏறவில்லை. மறுநாட் காலை அதே விமானம் பறந்தது. அவ்வொற்றைக் கருவியை நம்பிய தானியங்கி அமைப்பு மூக்கை மீண்டும் மீண்டும் கீழே அழுத்த, ஜாவாக் கடலில் 189 உயிர்கள் மடிந்தன.

பதிவேடு என்றதும் என் நெஞ்சு குறுகுறுக்கிறது. நான் கிராணியாயிருந்த ஒரு தோட்டத்தில், ஸ்டோரின் தீ மணி காரணமின்றி அடிக்கடி அலறும். தொல்லை பொறாது ஒருவர் கம்பியைக் கழற்றிவிட்டார். நான் கண்டும் எழுதவில்லை. தீ நேராதது எங்கள் சாமர்த்தியமன்று, தற்செயலே.

கெமாஸ் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருப்போர் சிவப்பு விளக்கைக் கண்டு சலிப்பதுண்டு. தண்டவாளத்தின் மின்சுற்று அறுந்தாலும், வண்டியே இல்லாதபோதும், சிவப்பே எரியவேண்டும் என்பது ரயில்வேயின் பழைய ஏற்பாடு. ஐயம் வந்தால் நிறுத்து என்பதே அதன் பொருள். பல்லிச் சகுனத்தைத் திறந்து சோதிக்க வழியில்லை, கருவியைச் சோதிக்கலாம். ஆகவே இரண்டையும் ஒன்றாய்த் தள்ளுதல் பகுத்தறிவாகாது.

பொய்க்கும் மணிக்குக் கீழ்ப்படிவது கேட்பவன் கடன். அதை ஒளியாது எழுதுவது கணக்கன் கடன். செலவுக்கு அஞ்சாது பழுது நீக்குவது முதலாளியின் கடன். மூன்றாவது கடன் தவறுமிடத்து, முதலாவது நாளடைவில் மரத்துப்போகும். அப்பொழுது புலி மெய்யாகவே வரும். குற்றம் மணியினுடையதன்று, அதைப் பொய்க்க விட்ட நம்முடையதே.