ஒப்புரவும் தொழினுட்பமும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒரு பொருளை ஆக்கும் முறையை அறிந்தவன் அவ்வறிவைத் தனக்கே உரியதென வைத்துக்கொள்ளலாமா, அன்றி யாவர்க்கும் உரியதாக விட்டுவிடல் வேண்டுமா என்னும் வினா பழைமையானது. கைவினைஞர் குடும்பங்கள் தொழில் நுணுக்கங்களைத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு மட்டுமே கையளித்துவந்த காலத்தில் அது குலமரபு பற்றிய வினாவாக இருந்தது. ஆக்கவுரிமைச் சட்டங்கள் தோன்றிய பின்னர் அது சொத்துப் பற்றிய வினாவாயிற்று. அண்மைக் காலத்தில் 'திறந்த வன்பொருள்' என்னும் கருத்துப் பரவியதை அடுத்து அது மீண்டும் ஓர் ஒழுக்கவியல் வினாவாக உருக்கொண்டுள்ளது. ஒரு கருவியின் வரைபடம், அளவுகள், உறுப்புகள், செய்முறை ஆகிய அனைத்தையும் வெளியிட்டு, எவரும் அதனைக் கற்கலாம், செய்யலாம், மாற்றலாம், விற்கலாம் என இசைவளிப்பதே திறந்த வன்பொருள் எனப்படும். 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்றேயா நகரில் தோன்றிய ஆர்டுயீனோ என்னும் சிறு மின்சுற்றுப் பலகை இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வு நிறுவனமான சேர்ன், 2011இல் இத்தகைய ஆக்கங்களுக்கெனத் தனி உரிமப் பத்திரமொன்றை வெளியிட்டது.

ஈண்டு ஒரு வேறுபாடு மனங்கொளத்தக்கது. ஒரு பாடலைப் பலர் பாடுவதாற் பாடல் குறைவதில்லை. ஒரு சூத்திரத்தைப் பலர் கற்பதாற் சூத்திரம் தேய்வதில்லை. வரைபடமும் அத்தகையதே. ஆனால், வரைபடத்தைக் கொண்டு ஆக்கப்படும் பொருள் அத்தகையதன்று. அதற்கு மூலப்பொருள் வேண்டும், பட்டறை வேண்டும், பயின்ற கை வேண்டும், அக்கைக்குரியவருக்கு மாதந்தோறும் ஊதியமும் வேண்டும். எனவே, அறிவைப் பொதுவாக்குதல் ஒருமுறை செய்து முடிக்கத்தக்க செயல். பொருளைப் பொதுவாக்குதலோ இடையறாது செய்யப்படவேண்டிய செயல். முன்னதற்கு ஒருவரின் பெருந்தன்மை போதும். பின்னதற்கு யார் பொறுப்பு என்பதே இக்கட்டுரை ஆராய முற்படும் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு இலத்திரனியற் கருவிகளை நாடிச் செல்லவேண்டிய தேவையில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பல்லாண்டுகளாக நன்கறிந்த ஒரு பொருளே போதிய சான்றாகும். அது 'ஜெய்ப்பூர் கால்' எனப்படும் செயற்கைக் கால்.

இராஜஸ்தான் மாநிலத்து ஜெய்ப்பூரில், சவாய் மான்சிங் மருத்துவமனையைச் சார்ந்த எலும்பியற் சத்திரசிகிச்சை நிபுணர் பிரமோத் கரண் சேத்தியும், முறையான கல்வி அதிகம் பெறாத கைவினைஞரான இராம்சந்திர சர்மாவும் 1960களின் பிற்பகுதியில் இக்காலை உருவாக்கினர். அந்நாளில் வழக்கிலிருந்த மேனாட்டுச் செயற்கைப் பாதம் நாற்காலியில் அமர்ந்து, சப்பாத்து அணிந்து, சமதரையில் நடப்போருக்கென அமைக்கப்பட்டது. கணுக்கால் வளையாத அப்பாதத்தைப் பொருத்தியவர் குந்தியிருத்தல் அரிது. சம்மணமிட்டு உண்ணுதல் அரிது. சேற்று வயலில் இறங்குதல் அரிது. சப்பாத்தின்றி அது பயன்படாதாகையால், வாசலிலும் கோயிலிலும் காலணி கழற்றும் ஒரு சமுதாயத்தில் அதனை அணிந்தவர் எந்நேரமும் அயலவர்போல ஒதுங்கிநிற்க நேர்ந்தது. சேத்தியும் சர்மாவும் கடற்பஞ்சுபோன்ற றப்பர், மரம், வாகனச் சில்லுகளுக்குப் பயன்படும் கெட்டிப்படுத்திய றப்பர் ஆகியவற்றைக் கொண்டு, எத்திசையிலும் ஓரளவு வளைந்து கொடுக்கும், வெறுங்காலாகவே நடக்கத்தக்க, மனிதப் பாதத்தின் தோற்றமுடைய ஒரு பாதத்தை அமைத்தனர். வறியோர் வாழ்வை அளவுகோலாகக் கொண்டு ஆக்கப்பட்டமையே இதன் சிறப்பெனலாம்.

இக்காலுக்கு அவர்கள் ஆக்கவுரிமை பெறவில்லை. விரும்பிய எவரும் அதனைச் செய்யலாயினர். ஜெய்ப்பூரில் 1975இல் நிறுவப்பட்ட பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி, நன்கொடைகளைக் கொண்டு இலவசமாகவே கால்களைப் பொருத்தும் பணியை மேற்கொண்டது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் போரினாற் கால் இழந்தோரிடையே அது பரவிற்று. திறந்த வன்பொருள் என்னும் பெயர் தோன்றுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே அப்பொருள் தோன்றியிருந்தமை இதனாற் புலனாகும்.

தனியுரிமை இன்றேல் புத்தாக்கம் இல்லை என்னும் வாதம் இவ்விடத்து எழுதல் இயல்பே. ஆக்கவுரிமை என்பது, பொருளை விலைகொடுத்து வாங்குவோர் உளர் என்னும் எடுகோளின்மீது நிற்பது. கால் இழந்த கூலியாளுக்கு வாங்கும் ஆற்றல் இல்லை. ஆதலின் அவனுக்கான சந்தையும் இல்லை. சந்தை இல்லாதவிடத்துத் தனியுரிமை ஊக்கம் தருவதுமில்லை. மேலும், அக்கால் ஓர் அரச மருத்துவமனையிற் பிறந்தது. அங்குப் பணிபுரிந்தோரின் ஊதியத்தைப் பொதுமக்கள் ஏற்கெனவே செலுத்தியிருந்தனர். பொதுப்பணத்தால் விளைந்ததைப் பொதுமக்களுக்கே மீண்டும் விற்றல் ஒரு பொருளுக்கு இருமுறை விலை கேட்பதை ஒக்கும்.

யாழ்ப்பாணத்திற்கு இக்கால் போரின் வழியே வந்தது. இலங்கையில் கொழும்பு பிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1980களின் நடுப்பகுதியில் இத்தொழினுட்பத்தைக் கைக்கொண்டது. யாழ்ப்பாணத்தில், இன்று யாழ்ப்பாண ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம் என அறியப்படும் நிறுவனம் 1987இல் ஆரம்பமாயிற்று. எறிகணையினாலும் மிதிவெடியினாலும் கால் இழந்த உழவரும் கடற்றொழிலாளரும் பள்ளிச் சிறுவரும் அதன் வாயிலை நாடினர். 1999 முதல் சர்வதேச செஞ்சிலுவைக் குழு அந்நிலையத்திற்கு உதவலாயிற்று. உள்ளூர்க் கொடையும் புலம்பெயர்ந்தோர் உதவியும் வெளிநிறுவன மானியமும் கலந்தே இத்தகைய பணி நடைபெற இயலும் என்பதற்கு இது தக்க சான்று.

ஆயினும், வரைபடம் இலவசமாகக் கிடைத்தமையாற் கால் இலவசமாகக் கிடைத்துவிடவில்லை. எஞ்சிய காற்பகுதி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவினது. அதற்குச் சாந்துவார்ப்பு எடுத்து, அதனோடு இசையும் கிண்ணத்தை அமைத்து, நடக்கச்செய்து பார்த்து, மீண்டும் செப்பனிடல் வேண்டும். கிண்ணம் சிறிதளவு பொருந்தாவிடினும் தோல் புண்ணாகும். புண்ணானவர் காலைக் கழற்றி மூலையில் வைத்துவிடுவார். இவ்வறிவு தாளில் எழுதி அனுப்பத்தக்கதன்று. கையிலிருந்து கைக்கே செல்வது. அன்றியும் செயற்கைக் கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். வளரும் பிள்ளைக்கோ அதனினும் விரைவாகச் சிறிதாகிவிடும். பத்து வயதிற் கால் இழந்த ஒரு சிறுமிக்கு அவள் வாழ்நாளில் எத்தனை கால்கள் தேவைப்படும் என எண்ணிப்பார்ப்பின், ஒருமுறை வழங்கப்படும் கொடையின் எல்லை தெளிவாகும்.

தாங்குவாரற்ற திறந்த அறிவுக்கு யாதாகும் என்பதற்கும் குடாநாட்டிலேயே சான்றுண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. வாகனம் திருத்துவோர் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலில் மெல்லிய திரியிட்டுச் சிறிதளவு எண்ணெயில் நெடுநேரம் எரியும் விளக்கைச் செய்தனர். இவற்றுள் எதற்கும் உரிமை கோரினாரில்லை. பட்டறையிலிருந்து பட்டறைக்கும் வீட்டிலிருந்து வீட்டுக்கும் அவை தாமே பரவின. ஆனால், தேவை நீங்கியதும் அவை வழக்கொழிந்தன. அவற்றை மேலும் செம்மைப்படுத்தவோ பதிவுசெய்யவோ பொது ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. திறந்திருந்த அறிவு, பேணுவோர் இன்மையால் மறதியிற் கலந்தது.

இனி, ஆக்குபவரின் நிலையை நோக்குதல் வேண்டும். 1981இல் மக்சாய்சாய் விருது சேத்திக்கு வழங்கப்பட்டது. கைகளால் அப்பாதத்தை வடித்த சர்மாவை உலகம் அந்த அளவுக்கு அறியவில்லை. பொதுநன்மை என்னும் பெயரில் கைவினைஞரின் உழைப்பு பெயரற்றதாகவும் ஊதியமற்றதாகவும் ஆகிவிடும் இடர் திறந்த ஆக்கங்களில் என்றும் உண்டு. வடிவத்தை யாவர்க்கும் வழங்குதல் அறமெனின், வடித்தவரைப் பட்டினியிடாது காத்தலும் அவ்வறத்தின் பாற்பட்டதே. தரம் பற்றிய பொறுப்பும் இத்தகையது. எவரும் செய்யலாம் என்பதன் பொருள் எவ்வாறும் செய்யலாம் என்பதன்று. பழுதான கால் கால் இன்மையினும் தீங்கானது.

பொருளுதவி வரும் வழிகளுள் மானியம் பெருந்தொகையை ஒருங்கே தர வல்லது. பட்டறை கட்டவும் பொறிகள் வாங்கவும் அது இன்றியமையாதது. ஆனால், அதற்குக் காலவெல்லை உண்டு. போர் நிகழும் நாட்டின்மீது திரும்பும் உலகின் கண் போர் ஓய்ந்ததும் வேறு நாட்டின்மீது திரும்பும். 2009இல் போர் முடிந்தது. 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. எனினும், கால் இழந்தோரின் கால் மீண்டும் முளைத்துவிடவில்லை. நீரிழிவினாற் கால் இழப்போரும் அவர்களோடு சேர்கின்றனர். புதிதாகப் பொருத்தப்பட்ட கால்களை எண்ணிக்காட்டுதல் மானிய அறிக்கைக்கு எளிது. பழுதுபார்த்த கால்களும், வலியின்றி நடந்த நாள்களும் அவ்வாறு எளிதில் எண்ணப்படுவனவல்ல.

சமுதாய ஆதரவு இக்குறையை நிரப்பக்கூடும். யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனை 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக் காலத்தில், நன்கொடையால் இயங்கும் சங்கமொன்றின் பராமரிப்பிலேயே தொடங்கிற்று. பின்னரே அரசு அதனைப் பொறுப்பேற்றது. கொடையாகத் தொடங்கியது உரிமையாக மாறிய வரலாறு அது. உலையிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் பொதுப்பணிக்கென ஒதுக்கிவைக்கும் பிடியரிசி வழக்கமும் இம்மண்ணில் இருந்தது. மானியத்தின் இயல்புக்கு அது நேர்மாறானது: சிறிது, ஆயின் தொடர்வது, வறியோரும் பங்குகொள்ள இடம் தருவது. இன்றைய கொடைகளோ பெரும்பாலும் கட்டடத்தையும் நுழைவாயிலையும் நாடுகின்றன. புதிய மண்டபத்திற் கொடையாளியின் பெயர் பொறிக்க இடமுண்டு. தேய்ந்த பாதத்தை மாற்றுவதற்கு எவரும் கல்வெட்டு வைப்பதில்லை.

ஆயினும், சமுதாய ஆதரவை ஐயுறாது போற்றுதலும் பொருந்தாது. ஆறுகள் அற்ற குடாநாட்டிற் கிணறே வாழ்வின் ஆதாரம். ஒரே கிணற்றிற் பலர் பங்குரிமை கொண்டு முறைவைத்து இறைக்கும் வழக்கம் இங்கு வேரூன்றியது. ஆனால், பொதுக்கிணறு எனப் பெயர்பெற்ற பல கிணறுகளில் ஒடுக்கப்பட்ட மக்கள் தம் கையால் நீர் அள்ள இயலாதிருந்தமையும் இவ்வூர் வரலாறே. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் 'பொது' என்னும் சொல்லின் எல்லையை அனைவருக்கும் உணர்த்திற்று. சமுதாயம் தருவது சமுதாயத்தின் பாகுபாடுகளோடு சேர்ந்தே வரக்கூடும். உறவும் செல்வாக்கும் உடையோர் முதலில் உதவி பெறுதலும் நிகழக்கூடும். வெளியிலிருந்து வரும் மானியத்தின் தொலைவு சிலவேளை நடுநிலைமைக்குத் துணையாவது இதனாலேயே. ஆகவே, இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்து மற்றொன்றைக் கைவிடுதல் தீர்வாகாது. ஒன்றன் குறையை மற்றொன்று திருத்துமாறு அமைத்தலே வேண்டற்பாலது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் பிறர்க்கு உதவுதல் பற்றியனவே எனினும், அவை ஒன்றல்ல. ஈகை இல்லாதவனுக்கு உள்ளவன் தருவது. தருபவனும் பெறுபவனும் அங்கு வேறாக நிற்பர். ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவன் தன் கடனென உணர்ந்து செய்வது. ஒப்புரவுக்கு அங்கு உவமையாகும் ஊருணியில் நீர் அள்ளுபவர் இரப்பவர் அல்லர். திறந்த வன்பொருளும் ஊருணி போன்றதே. ஆனால், ஊருணி தானே நிறைந்திருப்பதன்று. ஆண்டுதோறும் தூர்வாருதல் வேண்டும். கரை காத்தல் வேண்டும். நீர் அள்ளும் உரிமை யாவர்க்கும் உண்டெனின், தூர்வாரும் கடனும் யாவர்க்கும் உண்டு. அக்கடனை ஏற்பார் இல்லாதபோது, ஊருணி திறந்தே கிடப்பினும் அதில் நீர் இராது.

இந்நோக்கில், உயர்கல்வி பெறுவோரின் நிலை தனிக் கவனத்திற்குரியது. 1945 முதல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகப் பல்கலைக்கழகம் வரை கற்றவரின் அறிவு, தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் செலுத்திய வரியால் ஆக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் 1978 முதல் இயங்குகின்றது. கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியற் பீடம் உள்ளது. அங்குக் கற்போர் தம் செய்முறைத் திட்டங்களுள் ஒன்றையேனும் இவ்வூரில் அணியப்படும் காலுக்கும் தள்ளப்படும் சக்கர நாற்காலிக்கும் உரியதாக்கி, அதன் வரைபடத்தையும் தோல்விகளையும் மறையாது வெளியிட்டு, பட்டறையிற் பணிபுரியும் கைவினைஞரோடு அமர்ந்து அதனைத் திருத்துவாராயின், அது எவருக்கும் அளிக்கும் தானமாகாது. முன்னர் பெற்றதைத் திருப்பிச் செலுத்துதலே ஆகும்.