வாயில்லா ஜீவனின் ஹக்கு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர்கள் அறிவார்கள். பாத்திகளில் தேங்கி நிற்பதெல்லாம் உப்பு நீர். கோடை வெயிலில் கண் கூசும். ஒதுங்க நிழல் இராது. நாவை நனைக்க நல்ல தண்ணீர் கிடையாது. இத்தகைய இடத்தில் வீட்டுப் பூனை ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "நாம் கொல்லவில்லையே, அல்லாஹ்வின் பூமியில்தானே விட்டோம்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோமானால், அந்தச் சமாதானம் மறுமையில் செல்லுமா?

பூனையின் காரணமாக வேதனைக்குள்ளான ஒரு பெண்ணைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவள் அதை அடித்துக் கொல்லவில்லை, அடைத்து வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, பூமியிலுள்ள பூச்சிகளைத் தின்று பிழைக்க விடவும் இல்லை. அவளுடைய அறைக்கும் நாம் குட்டிகளை விடும் உப்பு வெளிக்கும் என்ன வேற்றுமை? இங்கே கதவு இல்லை, அவ்வளவுதான்.

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்காக அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்க்கவே, பூனை நஜீஸல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். சுற்றி வருவதை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகவே நாம் கருத வேண்டும்.

ஆனால் சோறு வைப்பதோடு கடமை தீராது. பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதங்களே. ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். குட்டியும் ஐந்தாறு மாதங்களில் சினைக்குத் தயாராகிவிடும். ஆகவேதான் கால்நடை மருத்துவர்கள் கருத்தடை அறுவையைச் சொல்கிறார்கள். இது மார்க்கத்தில் ஆகுமா?

இதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. உண்ணத்தகாத பிராணிக்குக் காயடிப்பது கூடாதென்று ஷாஃபியீ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். பயன் இருந்தாலோ இடர் நீங்கினாலோ பூனைக்கு அதைச் செய்வதில் குற்றமில்லை என்பது ஹனஃபி நூலான ஃபதாவா ஆலம்கீரியின் தீர்ப்பு. தேவையிருந்து, பிராணிக்குத் தீங்கு நேராதாயின் கூடும் என்று இக்கால உலமாக்கள் பலர் கூறுகின்றனர். இன்று மயக்க மருந்து கொடுத்தே அறுக்கிறார்கள். அவரவர் தத்தம் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. அறுவை வேண்டாமென்போர் பெண் பூனையைப் பருவக் காலத்தில் வீட்டோடு வைத்துக் காப்பதும், பிறந்த குட்டிகளுக்கு வளர்ப்போரைத் தேடுவதும் கடமையாகும். குட்டியைப் பட்டினியில் சாக விடுவதை எந்த மத்ஹபும் ஆகுமாக்கவில்லை.

தெருப் பூனைகளுக்கும் வழியுண்டு. கூண்டில் பிடித்து, அறுவை செய்து, அடையாளமாகக் காது நுனியைச் சிறிது கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விடுவார்கள். அங்கேதான் அதற்குத் தீனியும் ஒதுங்குமிடமும் தெரியும். அதை வேறிடத்துக்குக் கடத்தினால் அது தவிக்கும். காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும். அன்றியும், மரக்காணத்தை அடுத்த கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்பக்கம் விடப்படும் பூனை, தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கும் ஆபத்து.

வளர்த்த பிராணியைப் பசிதாகத்தால் வருந்தும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். சட்டத்தின் கண்ணுக்கு உப்பளம் தூரமாக இருக்கலாம். ரப்பின் பார்வைக்குத் தூரமில்லை.

வாயில்லா ஜீவன்களின் ஹக்கை நிறைவேற்றும் நல்லடியார்களாக நம்மனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.