காலக்கெடுவும் கடப்பாடும்

பிறர் வீட்டுப் பூட்டிலுள்ள பழுதைக் கண்டவன் அதனை எவருக்கு, எப்போது உரைத்தல் வேண்டும்? ஒழுக்கவியலில் இது புதிய வினாவன்று. கணனி யுகம் இதற்குப் புதியதொரு கூர்மையை அளித்துள்ளது.

கணனியின் இயங்குதளம் பயனரைப் படிநிலைப்படுத்தி வைத்துள்ளது. சாதாரண பயனர் தம் கோவைகளை மட்டுமே ஆளலாம். நிருவாகியோ யாவற்றையும் ஆளலாம். இவ்வெல்லையைக் கீழிருந்து மேலாகத் தாண்ட வழிவிடுவதே உள்ளக அதிகார உயர்வுக் குறைபாடு எனப்படும். ஏலவே உள்ளே நுழைந்தவனுக்கே இது பயன்படுமாதலின் சிறிதெனக் கருதுவாருமுளர். அது தவறு. திண்ணையில் நிற்பவனைக் கருவூலம்வரை கொண்டுசெல்வது இதுவே.

2014 ஒக்டோபர் 13இல் கூகிளின் 'புறொஜெக்ற் சீரோ' ஆய்வுக்குழு, விண்டோஸ் 8.1இல் இத்தகைய குறைபாடொன்றை மைக்றோசொவ்ற்றுக்கு அறிவித்தது. பயனர் உள்நுழையும்போது அவருக்குரியவற்றை ஆயத்தஞ்செய்யும் சேவையில் அப்பழுது இருந்தது. 90 நாட்களுள் திருத்தப்படாதவிடத்துப் பகிரங்கப்படுத்துதல் அக்குழுவின் விதி. திருத்தத்துக்கு முதலிற் பெப்ரவரியைக் குறித்த மைக்றோசொவ்ற், கெடு நீடிக்கப்படாதென அறிந்தபின் ஜனவரிக்கு முன்கொணர்ந்தது. திருத்தம் 2015 ஜனவரி 13இல் வெளிவரவிருந்தது. அதுவரை பொறுக்குமாறு கேட்கப்பட்டது. கூகிள் பொறுக்கவில்லை. ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை, விபரங்கள் வெளியாயின.

கூகிளின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. வலியவர் கேட்டவுடன் வளைவது விதியாகாது. பெப்ரவரி ஜனவரியானதே அவ்விறுக்கத்தின் பயனன்றோ? அறிந்தோர் மௌனிப்பதாற் பழுது மறைந்துவிடுவதுமில்லை. தீயோனும் அதனைத் தனியே கண்டுகொள்ளலாம்.

ஆயினும் ஒரு விதியின் பெறுமதியை அதன் நோக்கத்தினின்றும் பிரித்து அளத்தல் இயலாது. நிறுவனத்தை விரைவுபடுத்துதற்கே கெடு விதிக்கப்பட்டது. திருத்தம் ஆயத்தமாகி நாளும் குறிக்கப்பட்டபின் விரைவுபடுத்துதற்கு எஞ்சியது யாது? அவ்விரு நாட்களின் ஆபத்தைச் சுமந்தவை இரு நிறுவனங்களுமல்ல. விண்டோஸ் கணனியின்முன் அமர்ந்திருந்த எழுதுவினைஞரும் மாணவருமே அதனைச் சுமந்தனர். திருத்தம் கைக்கெட்டாத நிலையில் அவர்களாற் செய்யக்கூடியது ஏறத்தாழ ஏதுமில்லை. விதியை ஆக்கியபோதும் அவர்களை எவரும் கேட்டிலர். வாய்மையைத் தீங்கின்மையால் அளந்த வள்ளுவரின் நோக்கில், ஜனவரி 11இல் உரைக்கப்பட்டது உண்மை. வாய்மையோ என்பது ஐயத்துக்குரியது.

அடுத்த மாதமே கூகிள் தன் விதியைத் தளர்த்தியது. வார இறுதியில் முடியும் கெடு அடுத்த வேலைநாளுக்குச் செல்லும். திருத்தத்துக்கு நாள் குறித்துள்ள நிறுவனத்துக்கு மேலும் 14 நாட்கள்வரை கிடைக்கும். 90 என்ற எண் மட்டும் அவ்வாறே நின்றது.