முடிவு யாருடையது?

இக்காலத்துப் பெண்கள் தம் எண்ணப்படி நடக்கின்றார்கள் என்பது எம் போன்ற வயதினர் அடிக்கடி கூறும் குறையாகும். உத்தியோகத்துக்காகத் தூர இடம் போகின்றார்கள், திருமணத்தைப் பிற்போடுகின்றார்கள், பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கின்றார்கள் என்று வருந்துகின்றோம். ஆனால் ஒருத்தியின் வாழ்வைப் பற்றிய முடிவு யாருக்கு உரியது என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அதனை அடியார்களுடன் சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது சமூகம் பெண் கல்விக்காக உழைத்த பெரியோரைக் கண்ட சமூகம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கெனக் கல்லூரி அமைத்தார்கள். எனினும் டொனமூர் ஆணைக்குழு 1927-1928 காலப்பகுதியில் விசாரணை நடத்தியபோது, அப்பெருமகனாரே பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார்கள். 1931இல் வாக்குரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டே நேசம் சரவணமுத்து அவர்கள் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள். பெண் படிக்கட்டும், ஆனால் தீர்மானிக்க வேண்டாம் என்ற மனநிலை மட்டும் அக்காலத்துடன் முடிந்துவிடவில்லை.

காணி விடயத்திலும் இதுவே நிலை. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் சீதனம் பெண்ணின் உடைமையாகவே கொள்ளப்பட்டது. ஆயினும் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. கணவன் இருக்குமிடம் தெரியாவிடின் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும் என்றது. அரசாங்க இலிகிதராகக் கடமையாற்றிய காலத்தில் பல உறுதிகள் என் மேசைக்கு வந்துள்ளன. உறுதியில் பெயர் அவளுடையது, தீர்மானம் இன்னொருவருடையது.

2009இல் யுத்தம் முடிந்தபின் இக்கேள்வி மேலும் கூர்மையடைந்தது. கணவன் காணாமற்போன பெண்களைப் பற்றியே கூறுகின்றேன். அவள் மனைவியா, விதவையா? மரணச் சான்றிதழ் பெற்றால் கணவன் இறந்துவிட்டான் என்று தன் கையால் ஒப்பமிட்டதாகும். பெறாவிட்டால் வங்கியிலும் காணிக் கந்தோரிலும் வேலை நடவாது. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், இறந்தவர் என்று கூறாமல் காணப்படவில்லை என்று மட்டும் கூறும் சான்றிதழுக்கு வழி செய்தது. சட்டம் அவளுடைய மனத்தை ஓரளவு விளங்கிக்கொண்டது. ஊர் விளங்கிக்கொண்டதா? அவள் பொட்டு வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் இன்னொரு பேச்சு. வேலைக்குப் போய்ப் பொழுதுபட வந்தால் ஒரு பேச்சு. பிள்ளைகளை ஆளாக்கியபின் தனக்கொரு துணை தேடினாலோ, பேச்சுக்கு எல்லையே இல்லை.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஐயம் எழலாம். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி முடிவு செய்தால் குடும்பம் என்னாவது? வயோதிபப் பெற்றோரை யார் பார்ப்பது? கடமை வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒருவர் மனமுவந்து ஏற்பதே கடமை. மற்றவர்கள் கை கழுவிவிட்டு ஒருத்தியின் தலையில் ஏற்றுவது சுமை. மகன் வெளிநாடு சென்றால் குடும்பத்துக்காகச் சென்றான் என்கின்றோம். மகள் சென்றால் குடும்பத்தை விட்டுச் சென்றாள் என்கின்றோம். ஒரே செயலுக்கு இரண்டு தராசு வைப்பது தர்மம் ஆகாது.

எமது பெரியபுராணம் இதில் எம்மைவிடப் பரந்த மனமுடையது. தமக்கு நிச்சயிக்கப்பட்டவர் போரில் மாண்டபின், திலகவதியார் தம்பிக்காக உயிர் தரித்தார். காரைக்காலம்மையார் இல்லற வாழ்வு முடிந்தபின் இறைவனை நாடித் தனிவழி நடந்தார். மங்கையர்க்கரசியார் கணவனோடு வாழ்ந்துகொண்டே, அவன் வேறு சமயம் சார்ந்திருந்த காலத்தும் தம் சமயத்தைக் கைவிடாதிருந்தார். மூன்று பெண்கள், மூன்று வழிகள். ஒருவர் வழியை மற்றவர் மீது சுமத்தாமல் மூவரையும் சேக்கிழார் பெருமான் போற்றுகின்றார். திலகவதியாரை மட்டும் எடுத்துக்காட்டித் துணையிழந்த பெண்கள் எல்லோரும் இப்படியே இருக்க வேண்டும் என்று நாம் கூறுவோமாயின், அவர் தாமாகத் தெரிந்துகொண்ட வழியை விதியாக மாற்றிவிடுகின்றோம். தெரிவு இல்லாத இடத்தில் தியாகமும் இல்லை.

ஆகவே பெரியவர்களாகிய நாம் செய்யக்கூடியவை சில உண்டு. திருமணப் பேச்சுக்கு முன் பெண்ணை அழைத்து அவள் விருப்பத்தைக் கேட்போம். அவள் இல்லை என்றாலும் அதற்கு மதிப்பளிப்போம். பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் எல்லோரிடமும் சமமாகப் பேசுவோம். அறிவுரை கூறுவோம், பழி கூறாதிருப்போம்.

ஆலயத்திலும் ஒன்று செய்யலாம். திருவிளக்குப் பூசை அழைப்பிதழில் 'சுமங்கலிப் பெண்கள்' என்பதற்குப் பதிலாகப் 'பெண் அடியார்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? காணாமற்போன கணவனுக்காக நாள்தோறும் வாசலில் நின்று மன்றாடுகிறவள், தான் அந்த அழைப்பில் அடங்குவாளா என்று தயங்க வேண்டியதில்லை. அம்பாள் சந்நிதியில் விளக்கேற்ற வருபவளிடம் கணவன் எங்கே என்று அம்பாள் கேட்பதில்லை. நாமும் கேளாதிருப்போமாக.