எதுவரை துலக்குவது?

சுட்டு முடித்ததும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். பித்தளை உறை மட்டும் காலடியில் விழுந்து கிடக்கும். அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்குப் போகிறவர்களில் ஒரு சாரார் அதைக் குனிந்து பொறுக்கி வீட்டுக்கு எடுத்துவருகிறார்கள். சுத்தம் செய்து, பழைய அளவுக்கு நெருக்கி, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடியும் தோட்டா. எங்கள் தெருவில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவருக்கு இதுதான் பொழுதுபோக்கு. துப்பாக்கி விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒத்துவராது. அதைப் பேசாமலிருக்க இருவருமே பழகிவிட்டோம். பித்தளையைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

அவர் முதலில் உலர்முறையில்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தார். அதிரும் தொட்டியில் வால்நட் ஓட்டுத் தூளையோ மக்காச்சோளத் தக்கைத் துருவலையோ கொட்டி, உறைகளைப் போட்டுச் சில மணி நேரம் விட்டுவிட வேண்டும். பிரைமரில் ஈயம் உண்டு, அது தூசியோடு பறக்கும் என்பதால், சலிக்கும் வேலையை வீட்டுக்கு வெளியேதான் செய்வார். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடமாட்டார். பிறகு ஈரமுறைக்கு மாறினார். சுழலும் உருளையில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், கூடவே மெல்லிய எவர்சில்வர் கம்பித் துண்டுகள். பிரைமர் இருந்த குழிவரை பொன்னாக மின்னும். புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்கு தேய்த்த கைகளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. புளிப்பு கறையைக் கரைக்கிறது, சொரசொரப்பு சுரண்டி எடுக்கிறது.

இத்தனை பளபளப்பு தேவையா என்று கேட்டால் தேவையில்லை என்று அவரே சொல்வார். போக வேண்டியது மண்ணும் கரியும்தான். அவை ஒட்டியிருந்தால் உறையை நெருக்கும் அச்சில் கீறல் விழும். அதற்குப் பிறகு அந்த அச்சில் நுழையும் ஒவ்வொரு உறையிலும் அதே கீறல் விழும். நிறம் மங்கியிருப்பதால் குண்டு குறி தவறுவதில்லை. அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கும். பித்தளையை இளக்குவதற்காகக் கழுத்தைச் சூடாக்கியபோது படிந்த தடம் அது. சாதாரணக் கடைத் தோட்டாக்களில் பெரும்பாலும் அதை மெருகேற்றி எடுத்துவிடுவார்கள். ராணுவத்துக்குப் போவதில் அப்படியே விடுகிறார்கள், சூடாக்கியது உண்மைதான் என்று சோதிப்பவர் கண்ணால் பார்த்துக்கொள்ள.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதையும் அவரிடம்தான் பார்த்தேன். புளிப்பு கூடிப்போனாலோ நேரம் அதிகமானாலோ உறை இளஞ்சிவப்பாக வெளியே வரும். இந்தப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து போக, செம்பு தலைகாட்டுகிறது. அழுக்கு எப்போதோ போய்விட்டது. அதற்குப் பிறகு கரைந்தது உலோகம்.

எங்கள் குடும்பங்களில் சமாதானங்கள் நடக்கும் விதம் எனக்கு இங்கேதான் நினைவுக்கு வரும். பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் பத்து வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்காருவார்கள். அதோடு விடலாம். யாராவது ஒருவருக்கு மனசு ஆறாது. அன்றைக்கு யார் என்ன சொன்னது, ஏன் சொன்னது, எல்லாவற்றையும் பேசித் தீர்த்துப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்பார். நான் முன்பு அந்தக் கட்சி. இப்போது, கணக்கு வழக்கைப் பைசல் பண்ணிவிட்டு, தழும்பை இருந்த இடத்தில் விட்டுவிடுவதே மேல் என்று படுகிறது. ஒன்றுமே நடக்காததுபோல் மண்ணோடு மண்ணாகப் புழங்குவதும் எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கீறல் அடுத்த தலைமுறைவரை போகும்.

எத்தனை துலக்கினாலும் எட்டாத இடமும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. காரணத்தை 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். தகட்டை இழுத்து இழுத்து உறையாக்கும்போது பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா ஈரக்காற்றில் கலந்து அதைத் தொட்டதும் உலோகம் பிளந்தது. உருவாக்கியபின் இதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் பரிகாரமாயிற்று. விளக்குக்கும் கைப்பிடிக்கும் விற்கும் பித்தளைப் பாலிஷ் சிலவற்றில் அமோனியா இருப்பதால், தோட்டா நிரப்புகிறவர்கள் அவற்றை இன்றும் தொடுவதில்லை. வார்த்தை தடிக்காமல், வெளியே ஒரு குறையும் தெரியாமல் இருந்த மனிதர்கள் சின்ன விஷயத்துக்கு உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். கடைசியாக யார் என்ன சொன்னார்கள் என்றுதான் எல்லோரும் விசாரித்தார்கள்; முன்பே உள்ளே இருந்ததை யாரும் கேட்கவில்லை.

மெருகை ஒரேயடியாகப் பழிக்கவும் முடியாது. கரி போன பிறகுதான் வாய்விளிம்பின் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் ரைஃபிள் உறையைப் பல தடவை நெருக்கி நிரப்பிச் சுட்டால் அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியில் அதன் அடையாளம் பளிச்சென்ற ஒரு வளையம். உறை முழுவதுமே பளிச்சென்று இருந்தால் அந்த வளையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பெரியவர் கண்ணை நம்புவதில்லை. நுனியை வளைத்த ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு இழுத்துப் பார்ப்பார். பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறையின் காலம் முடிந்தது. அதன் வாயைக் குறட்டால் நசுக்கிய பிறகே பழைய பித்தளை டப்பாவில் போடுவார். முழுசாகக் கிடந்தால், பளபளப்பைப் பார்த்து யாராவது எடுத்து நிரப்பிவிடுவார்களாம்.